காப்பர் டி போட்ட தேதி

மார்ச் 3, 2024

அடிவயிற்றில் வலி தொடங்கி இன்றோடு ஒன்பது நாள். முதல் இரண்டு நாள் வாயு என்று நினைத்தேன். அப்புறம் பீரியட்ஸ் வரப்போகிறது, அதனால்தான் என்று நினைத்தேன். பீரியட்ஸ் வந்தது, போனது, வலி மட்டும் போகவில்லை. சுளீரென்று குத்துகிற வலி இல்லை இது. இடுப்பெலும்புக்குள்ளே கனமாக எதையோ வைத்துக் கட்டியதுபோல இரண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்கிறது. மாடிப்படி இறங்கும்போது ஒவ்வொரு படிக்கும் உள்ளே அதிர்கிறது. நேற்றிலிருந்து வெள்ளைப்படுதலும் நிறம் மாறியிருக்கிறது, வாடையும் இருக்கிறது. இன்று மாலை காய்ச்சல் 101.

நாளைக்கு டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கிவிட்டேன். போனில் பேசிய நர்ஸ், "கருத்தடைக்கு ஏதாவது வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். காப்பர் டி என்றேன், கர்ப்பப்பைக்குள் வைக்கிற செம்புக் கருத்தடைச் சாதனம். "எப்போ போட்டது?" அந்த இடத்தில் எனக்குப் பதில் வரவில்லை. சின்னவன் பிறந்து ஆறு மாதத்தில் போட்டது, அதுதான் நினைவிருக்கிறது. அவனுக்கு இந்த மாதம் பதினாலு முடிகிறது.

ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு பழைய ஃபைல்களைக் கிளறினேன். அவனுடைய தடுப்பூசி அட்டைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்தது அந்தச் சின்ன அட்டை. மை வெளிறி இளநீலமாகியிருந்தது. 'செப்டம்பர் 2010.' அதற்குக் கீழே இன்னொரு வரி: 'மாற்ற வேண்டியது, செப்டம்பர் 2020.'

மூன்றரை வருடம் தாண்டிவிட்டது. பிள்ளைகளின் தடுப்பூசித் தேதி ஒன்றைக்கூட நான் தவறவிட்டதில்லை. என் தேதி, அதே உறையில், அவன் அட்டைக்குப் பின்னாலேயே இருந்திருக்கிறது.

மார்ச் 4

டாக்டர் நிதானமானவர். முதலில் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்யச் சொன்னார். 46 வயதில் இது எதற்கு என்று நினைத்தேன். காப்பர் டி இருக்கும்போது கர்ப்பம் தரிப்பது அபூர்வம். ஆனால் தப்பித்தவறி தரித்துவிட்டால் அது கருக்குழாயில் தங்கியிருக்கிறதா என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டுமாம். அதுவும் இதே மாதிரி வயிற்றுவலியோடுதான் வரும். இல்லை என்று தெரிந்தபிறகுதான் மற்றது.

உள்ளே பரிசோதித்தபோது, விரலால் கர்ப்பப்பை வாயை லேசாகத்தான் அசைத்தார். நான் துடித்துப்போனேன். "இதுதான் நான் தேடின அடையாளம்" என்றார். வாயை அசைத்தால் வலி, கர்ப்பப்பையைத் தொட்டால் வலி, அதோடு காய்ச்சல், நிறம் மாறிய கசிவு. கிருமி கர்ப்பப்பை வாயைத் தாண்டி மேலே ஏறி, கர்ப்பப்பை, கருக்குழாய், சினைப்பை என்று பரவுவதைத்தான் இடுப்புக்குழி அழற்சி என்கிறார்கள். டாக்டர்கள் சுருக்கமாகப் பி.ஐ.டி. என்கிறார்கள். இதை ஒரே ரத்தப் பரிசோதனையில் உறுதி செய்ய முடியாது. ரிசல்ட் வரட்டும் என்று காத்திருந்தால் அதற்குள் குழாய் புண்ணாகித் தழும்பு விழுந்துவிடலாம். அதனால் சந்தேகம் வலுவாக இருந்தாலே மருந்தைத் தொடங்கிவிடுவார்கள்.

செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசி ஒன்று. பிறகு 14 நாளுக்கு டாக்ஸிசைக்ளின், மெட்ரோனிடசோல், இரண்டும் காலையும் இரவும். கிருமிப் பரிசோதனைக்கும், கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் அறிகுறி இருக்கிறதா என்று பார்க்கும் பாப் ஸ்மியருக்கும் மாதிரி எடுத்தார். ஸ்கேனில் சீழ்க்கட்டி எதுவும் இல்லை. காப்பர் டி இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது.

"இப்பவே அதை எடுத்துடுங்க டாக்டர்" என்றேன். கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. என்னமோ அழுக்கைப் பல வருடமாகச் சுமந்துகொண்டிருந்தது போன்ற உணர்வு. அவர் அவசரப்படவில்லை. பி.ஐ.டி. வந்தாலே காப்பர் டியைப் பிடுங்கிவிட வேண்டும் என்று இல்லையாம். மருந்து ஆரம்பித்து 48 முதல் 72 மணி நேரத்துக்குள் குறைகிறதா என்று பார்க்க வேண்டும், குறையாவிட்டால்தான் எடுப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும். "உங்களுது காலம் முடிஞ்சது, அதனால எப்படியும் எடுத்துடுவோம். மருந்து வேலை செஞ்சு உள்ளே கொஞ்சம் அடங்கட்டும்."

கடைசியாகத்தான் அதைச் சொன்னார். கணவருக்கும் பரிசோதனை செய்து மருந்து கொடுக்க வேண்டும், இருவருக்கும் மருந்து முடியும்வரை உறவு வேண்டாம். கிளமிடியா, கொனோரியா இரண்டும் உறவின் மூலம் பரவுபவை, அவைதான் இந்த அழற்சிக்கு முக்கியக் காரணங்கள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எல்லாருக்கும் அதனாலதான் வருதுன்னு இல்லம்மா. சாதாரணமா அங்கேயே இருக்கிற கிருமிங்க சமநிலை கெட்டு மேலே ஏறினாலும் வரும். நிறைய பேருக்கு எந்தக் கிருமின்னே பிடிபடாது. இதை வெச்சு வீட்ல சண்டை போட்டுக்காதீங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். சொல்வதற்குள் நாக்கு வறண்டுவிட்டது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நான் எப்போ வரணும்?" என்று மட்டும் கேட்டார். இந்த மாதிரி விஷயத்தில் ஒரு ஆண் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். அவர் அதைக் கேட்டது எனக்கு எத்தனை பெரிய ஆறுதல் என்று அவருக்குத் தெரியாது.

மார்ச் 6

காய்ச்சல் இல்லை. படி இறங்கும்போது அதிரவில்லை. மெட்ரோனிடசோல் வாயை இரும்பைச் சப்பியது போல் ஆக்கிவிடுகிறது, குமட்டுகிறது. இருந்தாலும் ஒரு வேளைகூட விடவில்லை. 48 மணி நேரக் கெடுவில் தேறிவிட்டேன்.

மார்ச் 7

தூக்கம் வராமல் படித்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருடமாகக் காதில் விழுந்தது இரண்டே பேச்சு. ஒன்று, 'லூப் வைத்தால் கர்ப்பப்பை புண்ணாகிவிடும், வருஷம் ஆக ஆக அழுகும்.' இன்னொன்று, 'போட்டுவிட்டால் அப்புறம் கவலையே இல்லை.' இரண்டையும் சொன்னவர்கள் அக்கறையோடுதான் சொன்னார்கள். இரண்டுமே தப்பு என்று இப்போது தெரிகிறது.

1992-ல் உலக சுகாதார நிறுவனத்தின் தரவுகளை வைத்து லான்செட் மருத்துவ இதழில் ஒரு ஆய்வு வந்தது. 22,908 முறை சாதனம் பொருத்தப்பட்ட பெண்களைப் பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். ஆயிரம் பெண்கள் ஒரு வருடம் வைத்திருந்தால் அவர்களில் ஒன்று அல்லது இரண்டு பேருக்கு இந்த அழற்சி, அதாவது 1.6. பொருத்திய முதல் 20 நாட்களில் மட்டும் ஆபத்து மற்ற காலத்தைவிட ஆறு மடங்குக்கு மேல். அதற்குப் பிறகு குறைந்து, அப்படியே எட்டு வருடம் வரைக்கும் ஏறாமல் இருந்திருக்கிறது.

காரணம் எளிதுதான். பொருத்தும்போது கருவி கர்ப்பப்பை வாய் வழியாகத்தான் உள்ளே போகிறது. வாயில் இருக்கிற கிருமி கூடவே போகிறது. ஆரோக்கியமான கர்ப்பப்பை அதைச் சில நாட்களில் சுத்தம் செய்துகொள்கிறது. ஆனால் வாயில் ஏற்கெனவே கிளமிடியா இருந்தால் அதுவும் மேலே போய்விடும். அதனால்தான் சந்தேகம் இருந்தால் பரிசோதித்து, இருந்தால் குணப்படுத்திவிட்டுப் போடச் சொல்கிறார்கள். போட்ட மூன்று வாரத்துக்குள் காய்ச்சலோ, கூடிக்கொண்டே போகும் வலியோ வந்தால் 'புதுசு, அப்படித்தான் இருக்கும்' என்று விடக்கூடாது. எனக்கு 2010-ல் இதை யாரும் சொல்லவில்லை. அந்த மூன்று வாரமும் நல்லபடியாகப் போனது அதிர்ஷ்டம்.

மெக்சிகோவில் செய்து 2001-ல் வெளியான ஆய்வு ஒன்று மனதுக்கு இதமாக இருந்தது. கருக்குழாய் அடைத்துக்கொண்டு குழந்தை பெற முடியாமல் போன பெண்களையும் மற்றவர்களையும் ஒப்பிட்டிருக்கிறார்கள். காப்பர் சாதனம் வைத்திருந்ததற்கும் அடைப்புக்கும் தொடர்பு தெரியவில்லை. எப்போதோ கிளமிடியா வந்துபோனதற்கான எதிர்ப்புப் பொருள் ரத்தத்தில் இருந்ததற்கும் அடைப்புக்கும்தான் தொடர்பு இருந்தது.

அப்படியானால் அந்தப் பயம் எங்கிருந்து வந்தது? அதற்கும் உண்மையான ஒரு வரலாறு இருக்கிறது. 1971-ல் அமெரிக்காவில் டால்கான் ஷீல்டு என்ற சாதனம் விற்பனைக்கு வந்தது. அதன் வால்நூல், அதாவது பிறகு இழுத்து எடுப்பதற்காகக் கர்ப்பப்பை வாய் வழியாகத் தொங்கவிடும் நூல், ஒற்றை இழை இல்லை. நூற்றுக்கணக்கான மெல்லிய இழைகளைச் சேர்த்து மேலே ஒரு உறை போட்டிருந்தார்கள். விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுப்பது போல, அந்த நூல் கீழே இருந்த கிருமியை இழைகளுக்கு நடுவே மேலே இழுத்துக்கொண்டு போனது. பெண்கள் பலருக்குக் கடுமையான தொற்று வந்தது, சிலர் உயிரையே இழந்தார்கள். 1974-ல் விற்பனை நின்றது. வழக்குகள் குவிந்து, தயாரித்த நிறுவனம் 1985-ல் திவால் மனு கொடுத்தது. இன்றைக்கு வருகிற நூல் மீன்பிடி நரம்பு போல ஒற்றை இழை, ஏறுவதற்கு உள்ளே வழி இல்லை. ஆனால் அம்மாவின் தலைமுறை கேட்ட கதைகள் அன்றைய காலத்துக் கதைகள். அவர்கள் பயந்ததைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனாலும் அந்த லான்செட் ஆய்வு பார்த்தது எட்டு வருடம். என்னுடையது பதின்மூன்றரை. தேதிக்குள் வைத்திருந்தவர்களின் கணக்கைக் காட்டி நான் என்னைச் சமாதானப்படுத்திக்கொள்ள முடியாது.

மார்ச் 12

ரிசல்ட் வந்தது. எனக்கும் கணவருக்கும் கிளமிடியா இல்லை, கொனோரியா இல்லை. பாப் ஸ்மியரில் புற்றுநோய் அறிகுறி இல்லை. ஆனால் கீழே ஒரு வரி: 'ஆக்டினோமைசிஸ் போன்ற நுண்ணுயிர்கள் காணப்படுகின்றன.'

கை நடுங்கியது. டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். பூஞ்சை போல இழை இழையாக வளர்கிற ஒரு பாக்டீரியா. காற்றில்லாத இடத்தில் வாழும். சாப்பிடுகிற வாயிலும் குடலிலும் நமக்கு எப்போதும் இருப்பதுதான். கர்ப்பப்பையில் சாதனம் வைத்திருப்பவர்களின் ஸ்மியரில் அவ்வப்போது தட்டுப்படும், அதிலும் பல வருடம் வைத்திருப்பவர்களிடம். எந்தத் தொந்தரவும் இல்லாமல் தற்செயலாகத் தெரிந்தால் மருந்தும் வேண்டாம், சாதனத்தை எடுக்கவும் வேண்டாம். இதை அவர் இரண்டு முறை சொன்னார். ரிசல்ட்டில் இந்தப் பெயரைப் பார்த்துவிட்டு, ஒரு குறையும் இல்லாத பெண்கள் தேவையில்லாமல் எடுத்துவிடுகிறார்களாம்.

"உங்க விஷயம் வேற. நீங்க வலியோட வந்திருக்கீங்க."

அபூர்வமாக இது உள்ளே இறங்கிவிட்டால் மெதுவாக, மாதக்கணக்கில் பரவும். சினைப்பையைச் சுற்றிக் கட்டியாகும், குடலோடும் சிறுநீர்ப்பையோடும் ஒட்டிக்கொள்ளும். ஸ்கேனில் புற்றுநோய்க் கட்டி போலவே தெரியும். புற்றுநோய் என்று வயிற்றைத் திறந்து, பிறகு இதுதான் என்று கண்டுபிடித்தவர்களும் உண்டு. அந்தச் சீழில் மஞ்சளாக மணல் மாதிரி துகள்கள் இருக்குமாம். அந்த நிலைக்குப் போனால் பென்சிலின் வாரக்கணக்கில் நரம்பு வழியாகவும், பிறகு மாதக்கணக்கில் மாத்திரையாகவும் எடுக்க வேண்டும்.

எனக்குக் கட்டி இல்லை, வலியும் போய்விட்டது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும் டாக்ஸிசைக்ளினே இதற்கும் வேலை செய்யும். கோர்ஸை முடித்துவிட்டு சாதனத்தை எடுப்போம், ஒரு மாதத்தில் மறுபடி ஸ்கேன் என்றார். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். இன்னும் ஆறு மாதம் வாயு என்றே நினைத்துக்கொண்டு இருந்திருந்தால்?

மார்ச் 18

எடுத்தாயிற்று.

"ஒரு தடவை இருமுங்க" என்றார். இருமினேன். பீரியட்ஸ் வலி மாதிரி ஒரு இழுப்பு, அவ்வளவுதான். பத்து நொடிகூட ஆகியிருக்காது. இதற்குப் பயந்தா இத்தனை நாள் தள்ளிப்போட்டேன் என்று கேட்டால், இல்லை, பயந்து தள்ளிப்போடவில்லை. நினைவே இல்லாமல் போனது. மாத்திரை என்றால் தினமும் நினைக்க வேண்டும். இதை நினைக்கவே வேண்டாம் என்பதுதான் அதன் நல்ல குணம். அந்த நல்ல குணமே மறக்கவும் வைத்துவிட்டது.

பார்க்கலாமா என்று கேட்டேன். ஸ்டீல் தட்டில் வைத்துக் காட்டினார். சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. டி வடிவத்தின் கைகள் இரண்டும் மேல்நோக்கி மடங்கி, மெல்ல விரிந்துகொண்டிருந்தன. வெள்ளை பிளாஸ்டிக் மஞ்சளித்திருந்தது. தண்டில் சுற்றிய செம்புக்கம்பி ஓரிடத்தில் கறுப்பு, ஓரிடத்தில் அரித்து மெலிந்து, நடுவில் சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக ஏதோ படிந்திருந்தது. சுண்ணாம்புப் படிவமாம். கெட்டில் அடியில் படிவதுபோல இதிலும் வருடக்கணக்கில் படியும், அந்தச் சொரசொரப்பில் கிருமிகள் ஒட்டிக்கொள்ள இடம் கிடைக்கும். நூல் பழுப்பேறி விறைத்திருந்தது.

என் மேல் எனக்குக் கோபம் வரவில்லை அப்போது. பதின்மூன்றரை வருடம் ஒரு பொருள் உடம்புக்குள் இருந்து வேலை செய்திருக்கிறது, நான் வேண்டாத கர்ப்பம் ஒன்றுகூட இல்லாமல். அதற்கு நன்றி சொல்லத்தான் தோன்றியது.

மார்ச் 20

அக்காவுக்கு போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள், "எனக்கும் இருக்குதே" என்றாள்.

"என்னது இருக்குது?"

"அதான்டி, காப்பர் டி. தம்பி பொறந்ததுக்கு அப்புறம் போட்டது."

அந்தத் தம்பிக்கு, அதாவது அக்காவின் மகனுக்கு, இப்போது 28 வயது. அக்காவுக்கு 58. மாதவிலக்கு நின்று ஏழு வருடம்.

"ஏன்க்கா எடுக்கலை?"

"அதான் எல்லாம் நின்னுபோச்சே. இனிமே எதுக்கு அதைப் போய் நோண்டிக்கிட்டுன்னு விட்டுட்டேன். அது பாட்டுக்கு இருக்குது."

பிறகு, போனை வைக்கப்போகும் நேரத்தில், ரொம்பச் சாதாரணமாக, "ரெண்டு மாசமா லேசா பழுப்பு நிறத்துல படுது. வயசானா வர்றதுதானே" என்றாள்.

மாதவிலக்கு நின்ற பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் காட்டியே ஆக வேண்டும் என்று எனக்குத் தெரியும். நாளைக்கே கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். "அதையெல்லாம் இந்த வயசுல போய்க் காட்டிக்கிட்டு..." என்று ஆரம்பித்தாள். நான் குரலை உயர்த்திவிட்டேன். அக்காவிடம் நான் குரல் உயர்த்தியதே இல்லை.

மார்ச் 21

அக்காவுக்கு நூல் தெரியவில்லை. மாதவிலக்கு நின்றபின் கர்ப்பப்பை சுருங்குகிறது, வாய் குறுகுகிறது, நூல் மேலே போய்விடுகிறது. ஸ்கேனில் சாதனம் தெரிந்தது, அதைச் சுற்றிக் கொஞ்சம் நீரும் தெரிந்தது. வாய் குறுகி அடைத்துக்கொண்டால் உள்ளே ஊறுவது வெளியே வர வழியில்லாமல் தங்கி, சீழாக மாறலாம் என்றார் டாக்டர்.

கணக்கையும் அவரே சொன்னார். 50 வயதுக்கு மேல் மாதவிலக்கு நின்றவர்கள் கடைசி மாதவிலக்கிலிருந்து ஒரு வருடம் வைத்திருந்து எடுக்க வேண்டும். 50-க்கு முன்பே நின்றவர்கள் இரண்டு வருடம். 40 வயதுக்கு மேல் காப்பர் சாதனம் போட்டவர்கள் அட்டையில் உள்ள தேதி தாண்டினாலும் மாதவிலக்கு நிற்கும்வரை வைத்திருக்கலாம் என்று சில நாடுகளில் வழிமுறை இருக்கிறது. ஆனால் நின்ற பிறகும் வைத்துக்கொண்டே இருப்பதற்கு எங்கேயும் வழி இல்லை. ஆறு வருடம் முன்பே எடுத்திருக்க வேண்டும். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அவள் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது, பிடித்துக்கொண்டேன்.

மார்ச் 23

கர்ப்பப்பை வாயை இளக்க மாத்திரை கொடுத்து, மரத்துப்போக ஊசி போட்டு, மெல்லிய இடுக்கியால் எடுத்தார்கள். என்னுடையது போலப் பத்து நொடியில் முடியவில்லை, அக்காவுக்கு நன்றாகவே வலித்தது. கூடவே கொஞ்சம் சீழ் வந்தது. கர்ப்பப்பை உள்சுவரிலிருந்து துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஆன்டிபயாடிக் ஆரம்பித்திருக்கிறது.

வீட்டுக்கு வரும் வழியில் அக்கா சொன்னாள்: "அந்த வலி எனக்கு வருஷக்கணக்கா இருந்திருக்கும்டி. இப்போ இல்லாதப்போதான் இருந்துச்சுன்னே தெரியுது."

ஏப்ரல் 4

அக்காவின் ரிசல்ட்: புற்றுநோய் இல்லை. அழற்சி மட்டும்தான். இந்தப் பன்னிரண்டு நாளும் நான் சரியாகச் சாப்பிடவில்லை என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது.

ஏப்ரல் 19

எனக்கு ஸ்கேன் சுத்தம். அடுத்து என்ன வைத்துக்கொள்வது என்று டாக்டரோடு உட்கார்ந்து பேசினேன். ஒரு முறை பி.ஐ.டி. வந்து முழுதாகக் குணமானவர்கள் மறுபடி போட்டுக்கொள்ளலாம், தடையில்லை. நான் இந்த முறை ஹார்மோன் வெளியிடும் வகையைக் கேட்டிருக்கிறேன். அது கர்ப்பப்பை வாயில் இருக்கும் சளியைக் கெட்டியாக்குகிறது, ரத்தப்போக்கையும் குறைக்கிறது. என் வயதுக்கு அது பொருத்தம் என்று தோன்றுகிறது. வீட்டில் சிலர் "இவ்வளவு பட்டும் மறுபடியுமா?" என்கிறார்கள். பட்டதால்தான் யோசித்து முடிவெடுத்திருக்கிறேன்.

என்னைவிட என் மூத்த மகளை நினைத்துத்தான் டாக்டரிடம் அதிகம் கேட்டேன். ஸ்வீடனில் பல வருடம் பின்தொடர்ந்த ஆய்வில், இந்த அழற்சி ஒரு முறை வந்தவர்களில் 8 சதவீதம் பேருக்குக் கருக்குழாய் பாதிப்பால் குழந்தைப்பேறு தடைப்பட்டிருக்கிறது. இரண்டு முறை வந்தவர்களில் சுமார் 20, மூன்று முறையோ அதற்கு மேலோ என்றால் 40. எனக்குப் பிள்ளைகள் பிறந்து வளர்ந்தாகிவிட்டது. இருபது வயதுப் பெண் ஒன்பது நாள் வாயு என்று நினைத்து உட்கார்ந்திருக்கக்கூடாது. இந்த எண்களை அவளிடம் இன்றே சொன்னேன். அவளுக்குக் கூச்சமில்லை, எனக்குத்தான் இருந்தது.

அக்கா இன்று மாலை போன் செய்தாள். தன்னோடு அதே வருடம் காப்பர் டி போட்ட இரண்டு தோழிகளைத் தேடிப்பிடித்துப் பேசினாளாம். ஒருத்தி எப்போதோ எடுத்துவிட்டாள். இன்னொருத்தி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இரு, என் சின்னவ எந்த வருஷம் பொறந்தான்னு பாத்துட்டுச் சொல்றேன்" என்றாளாம்.